வாய் நம்முடையது, மைக் யாருடையது?



இதழ் மூன்று வாரம் தாமதம். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி வழக்கம்போல ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தத் தலையங்கம். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன்.

நம்ம வட்டத்துத் தம்பி ஒருத்தர் இரண்டு வருஷமாக யூட்யூபில் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறார். பின்னால் கட்சி கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு செல்போன், சட்டையில் குத்துகிற ஒரு மைக், சேரியில் ஒரு மொட்டை மாடி. மலக்குழியில் புருஷனைப் பறிகொடுத்தவர்களையும், சுடுகாட்டுப் பாதை கேட்டு அடிவாங்கியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் வேலை பார்க்கிற வங்கிக்கே வந்துவிட்டார். "அண்ணே, நம்ம பத்திரிகையில என் நிகழ்ச்சியப் பத்தி ஒரு தலையங்கம் எழுதுங்க" என்றார். எழுதுறேன் தம்பி என்றேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அவரிடம் எனக்குப் பிடித்தது நிறைய. பிடிக்காததும் இருக்கிறது. விருந்தாளி வாயைத் திறந்ததும் இவர் குறுக்கே விழுகிறார். ஒரு அம்மாவின் அழுகையை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போடுகிறார். இதை எழுதினால், "பாத்தியா, அவனுங்க ஆளே சொல்லிட்டான்" என்று வெட்டி ஒட்டிப் பரப்ப ஊர்த்தெருவில் ஆள் தயார். எழுதாமல் விட்டால் நாம் நடத்துவது பத்திரிகையா, வாழ்த்து மடலா? நம்ம ஆளைப் பற்றி எதிரி பேசினால் அது இழிவு; நாமே பேசாமல் இருந்தால் அது என்ன? இந்தக் கேள்விக்கு நம் இயக்கம் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆகவே கொஞ்சம் தூரம் போய்வருவோம். நம்மைப் போலவே ஒதுக்கிவைக்கப்பட்ட சனத்தில் பிறந்து, மைக்கைப் பிடித்து, 40 வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஒருத்தரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் பீட்டி கிரீன். அமெரிக்கத் தலைநகரம் வாஷிங்டனில் 1931இல் பிறந்த கறுப்பர். அவன் இவன் என்று எழுதத்தான் நெருக்கமாக இருக்கும். ஆனால் வெள்ளி முடி விழுந்த எங்க தாத்தாவை ஊர்ச் சிறுவர்கள் 'டேய்' போட்டுக் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் என்றே எழுதுகிறேன்.

வளர்த்தது பாட்டி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். சின்ன வயதிலேயே ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்தபின் குடி, போதை, திருட்டு. 1960இல் ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த வழக்கில் பத்து வருஷத் தண்டனை. லார்ட்டன் என்கிற சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறைக்குள்தான் முதன்முதலாக மைக் கைக்கு வந்தது, கைதிகளுக்குப் பாட்டுப் போட்டுப் பேசுகிற வேலையாக. உயரத்தில் ஏறிக் குதிக்கப் போவதாக மிரட்டிய ஒரு கைதியைப் பேசியே இறக்கிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் 1966இல் முன்கூட்டியே விடுதலை. அந்த ஆளை மேலே ஏறச் சொல்லிச் சம்மதிக்கவைத்ததே நான்தான், அதற்குத்தான் மாசக்கணக்கில் பாடுபட்டேன் என்று பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நிஜமோ, கதையோ. அந்த ஆளின் பலமும் கோணலும் இந்த ஒரு சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

வெளியே வந்ததும் டபிள்யூ.ஓ.எல். என்கிற வானொலி நிலையத்தில் சேர்ந்தார். கூட்டிப்போனவர் அங்கே வேலை பார்த்த டியூவி ஹியூஸ் என்கிற கறுப்பர். நிகழ்ச்சியின் பெயர் 'ராப்பிங் வித் பீட்டி கிரீன்'. ராப் என்றால் அன்றைக்குப் பாட்டு இல்லை; ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவது. பிறகு 1976 முதல் 1982 வரை 'பீட்டி கிரீன்ஸ் வாஷிங்டன்' என்று தொலைக்காட்சியிலும் நடத்தினார். இரண்டு எம்மி விருதும் வாங்கினார்.

அந்த நகரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தக் குரலின் கனம் தெரியும். 1970 கணக்குப்படி வாஷிங்டனில் நூற்றுக்கு எழுபது பேர் கறுப்பர்கள். ஆனால் அந்தச் சனங்களுக்குத் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது இல்லை. 1974இல்தான் அந்தத் தேர்தலே நடந்தது. அதுவரை மேலே இருந்து நியமித்த ஆள்தான். உலகத்துக்கெல்லாம் ஜனநாயகம் பாடம் நடத்துகிற வெள்ளை மாளிகைக்குப் பக்கத்துத் தெருவில் வாக்குச்சீட்டு இல்லாத சனம். இப்படிப்பட்ட ஊரில் வானொலிப் பேச்சு என்பது பொழுதுபோக்கு அல்ல. அதுதான் மன்றம். அதுதான் மனு கொடுக்கும் இடம்.

பலத்தை முதலில் சொல்கிறேன்.

முதல் பலம் மொழி. பீட்டி தெருவில் பேசியதையே மைக்கிலும் பேசினார். வானொலிக்கென்று ஒரு குரல், வீட்டுக்கென்று ஒரு குரல் வைத்துக்கொள்ளவில்லை. வசவும் வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. இங்கே நம் எழுத்து அச்சில் ஏறியபோது 'கொச்சை, ஆபாசம், இலக்கியத் தரம் இல்லை' என்று முகம் சுளித்தார்கள் இல்லையா? யாருடைய வீட்டுப் பேச்சு தரம், யாருடைய வீட்டுப் பேச்சு கொச்சை என்று தீர்ப்பெழுதியவர்கள் யார் என்று அப்போது நாம் கேட்டோம். பீட்டி அதைக் கேட்கக்கூட இல்லை. பேசிக்காட்டிவிட்டுப் போய்விட்டார்.

தர்பூசணி சாப்பிடுவது எப்படி என்று தொலைக்காட்சியில் ஒரு தடவை செய்து காட்டினார். இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். கறுப்பரையும் தர்பூசணியையும் சேர்த்துப் படம் போட்டுக் கேலி செய்வது அந்நாட்டு வெள்ளையரின் நெடுநாள் வழக்கம். அதனால் படித்துக் கொஞ்சம் மேலே வந்த கறுப்பர்கள் பலர் நாலு பேர் முன்னால் அந்தப் பழத்தைத் தொடவே கூசினார்கள். பீட்டி கேமராவுக்கு முன்னால் கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம் என்று கையால் எடுத்து, சாறு ஒழுக ஒழுகத் தின்றார். அலுவலகத்தில் மாட்டுக்கறிக் குழம்பு டப்பாவைத் திறக்க முடியாமல் மூடியை லேசாக நகர்த்தி நகர்த்திச் சாப்பிட்டிருக்கிறீர்களா? நான் சாப்பிட்டிருக்கிறேன். வங்கியில் சேர்ந்து முதல் மூன்று வருஷம். அந்தத் தர்பூசணியின் ருசி எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது பலம், தன் கறையை மறைக்காதது. நான் திருடன், நான் ஜெயிலில் கிடந்தவன், நான் குடிகாரன் என்று அவரே சொல்லிவிட்டார். அதைச் சொல்லி அவரை மிரட்ட எவனாலும் முடியவில்லை. 1978இல் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோவுக்காக ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகையில் கொடுத்த விருந்துக்கு இவரையும் அழைத்தார்கள். போய்வந்து, அங்கிருந்து ஒரு ஸ்பூனைத் திருடிக்கொண்டு வந்தேன் என்று ஜோக்கடித்தார். அழைத்தவர்கள் மனசுக்குள் என்ன நினைத்திருப்பார்களோ, அதை அவர்களுக்கு முன்னால் இவரே சொல்லிவிட்டார். பேச்சோடும் நிற்கவில்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கைகொடுக்க அமைப்பு கட்டினார். வறுமை ஒழிப்பு நிறுவனத்தில் சேர்ந்து தெருத்தெருவாக வேலை செய்தார்.

இனி அந்த ராத்திரி.

1968 ஏப்ரல் 4. மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி வந்த சில மணி நேரத்தில் வாஷிங்டனின் 14ஆவது தெருவும் யூ தெருவும் பற்றிக்கொண்டன. நாலு நாள் எரிந்தது. 13,000க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் இறங்கினார்கள். நாடாளுமன்றப் படிக்கட்டில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தினார்கள். அப்போது பீட்டி மைக்கில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போங்கள், எரிக்காதீர்கள் என்று சனங்களிடம் பேசினார். அவர் பெயர் நகரம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

இதைப் பலம் என்பதா, குறை என்பதா? இங்கேதான் என் பேனா நின்றது.

கலவரம் நடந்த இரண்டாம் நாள் நம்மூரிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'அமைதிக் கூட்டம்' போடுவார்கள். குடிசையை இழந்தவனைக் கூப்பிட்டு, நீங்க கொஞ்சம் உங்க பசங்களை அடக்கி வையுங்க என்பார்கள். நம்ம தலைவர்களில் சிலருக்கு அதுவே உத்தியோகமாகிப் போனது. ஆண்டைக்குத் தீ அணைக்கிற வண்டி. பீட்டியும் அந்த வண்டிதானா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விவரம் படிக்கப் படிக்க மனசு மாறியது. எரிந்தது யார் தெரு? கறுப்பர்கள் குடியிருந்த, கறுப்பர்கள் சாமான் வாங்கிய, கறுப்பர்கள் பாட்டுக் கேட்ட தெருக்கள். செத்த 13 பேரில் பலர் எரிந்த கட்டிடங்களுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். அந்தத் தெருக்கள் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் பாழடைந்தே கிடந்தன. துப்பாக்கி நிற்கிற திசை தெரிந்தவன் தன் பிள்ளையைப் பார்த்து 'உள்ள வாடா' என்று கத்துவது துரோகம் ஆகாது. பீட்டியின் குரலுக்குச் சனம் மதிப்புக் கொடுத்ததும் அவர் மற்ற நாட்களில் அதிகாரத்துக்குப் பணிந்து பேசாததால்தான். அன்றைக்கு அவர் செய்தது சரி. ஆனால் அடங்கு என்று சொல்லும்போது மட்டும் நம் குரலுக்கு ஒலிபெருக்கியை முழுசாகத் திருகிவிடுகிறார்களே, அதையும் மறக்கக் கூடாது.

குறைகளுக்கு வருகிறேன்.

குடி அவரை விடவில்லை. அவரும் அதை விடவில்லை. 1984 ஜனவரி 10ஆம் தேதி புற்றுநோயில் செத்தார். 53ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் 13 நாள் பாக்கி. சவப்பெட்டியைப் பார்க்க ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது. சேரியில் நாற்பதிலும் ஐம்பதிலும் செத்துப்போகிற நம்ம கலைஞர்களின் பாடையைத் தூக்கியவர்களுக்கு இது புதுசு இல்லை. கலகக்காரன்னா குடிப்பான்தான் என்று நாமும் ரசித்துப் பேசியிருக்கிறோம். அந்த ரசனைக்கு நானும் பொறுப்பு. பத்து வருஷம் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டிய வாயை அந்தப் பாட்டில் மூடிவிட்டது. இதில் கலகம் எங்கே இருக்கிறது?

அடுத்தது, சிரிப்பு. எல்லாவற்றையும் சிரிப்பாக்குகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று சில நேரம் தெரியாமல் போய்விடுகிறது. 1981இல் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்கிற வெள்ளை வானொலிக்காரர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பீட்டியின் நிகழ்ச்சிக்கு விருந்தாளியாக வந்தார். கறுப்புச் சாயம் பூசி ஆடுவது அங்கே நூறு வருஷத்துக்கும் மேலான இழிவு. சேரி ஆள் என்றால் கரியைப் பூசிக் கோமாளியாக்கும் நம்ம சினிமாவின் பெரியண்ணன். பீட்டி எழுப்பி அனுப்பவில்லை. சேர்ந்து சிரித்தார். என் வீட்டுக் கூடம், இங்கே யாரைக் கேலி செய்வது என்பது என் உரிமை என்று நினைத்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் சாயத்தைக் கழுவிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்; நாடறிந்த பணக்கார நட்சத்திரமும் ஆனார். பார்த்துக்கொண்டிருந்த கறுப்புப் பிள்ளைகளால் கழுவ முடியாது. நம்மை நாமே கேலி செய்துகொள்வது வேறு. அந்தக் கேலியின் சாவியை அடுத்தவன் கையில் கொடுப்பது வேறு.

மூன்றாவது குறை பெரிசு. அது பீட்டி ஒருத்தருடைய குறை மட்டும் இல்லை.

எங்க தாத்தா தண்டோரா போட்டவர். ஊரில் ஏலமோ, வரியோ, திருவிழாவோ, எல்லாச் செய்தியும் அவர் தோளில் தொங்கிய பறையிலிருந்துதான் கிளம்பும். மூணு தெரு தாண்டிக் கேட்கிற குரல். ஆனால் அதில் ஒரு சொல்கூட அவர் சொல் கிடையாது. எங்க தெருவுக்குத் தண்ணி வரவில்லை என்று ஒரு நாளாவது அந்தப் பறையை அடித்துச் சொன்னாரா? சொல்ல முடியாது. குரல் அவருடையது, சேதி மணியக்காரருடையது. அந்தத் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதிய வருஷம் 2022. அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பீட்டி தாத்தாவைப் போல இல்லை. சேதியும் அவருடையதுதான். ஆனால் அவர் பேசிய டபிள்யூ.ஓ.எல். நிலையம் அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் வெள்ளை முதலாளியின் கம்பெனி. கேட்பவர் கறுப்பர், பேசுபவர் கறுப்பர், கல்லாவில் உட்கார்ந்தவர் வெள்ளையர். முதலாளி நினைத்தால் ஒரே நாளில் மைக்கைப் பிடுங்கலாம். பீட்டி தன் நாக்குக்குச் சொந்தக்காரராக இருந்தார். மைக்குக்குச் சொந்தக்காரராக ஆக நினைக்கவில்லை. தன்னைப் போல இன்னும் பத்துப் பேரைப் பழக்கி உட்காரவைக்கவும் இல்லை.

அந்த வேலையைச் செய்தது ஒரு பெண். டியூவி ஹியூஸின் மனைவி கேத்தி ஹியூஸ். அதே டபிள்யூ.ஓ.எல். நிலையத்தை 1980இல் இருவருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். கடன் கேட்டு ஏறி இறங்கியதில் 32 இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், 33ஆவதாகக் கொடுத்தவர் புவர்ட்டோரிக்கோக்காரப் பெண் அதிகாரி என்று கேத்தியே சொல்லியிருக்கிறார். கடன் பிரிவு மேசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த 32 நன்றாகப் புரியும். விண்ணப்பத்தில் குறை இருக்காது. ஜாமீன் இல்லை, முன் அனுபவம் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறோம். விலாசத்தில் இருக்கிற தெருப் பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்த அதிகாரியைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு கணவரைப் பிரிந்து, வீட்டையும் காரையும் இழந்து, மகனைக் கூட்டிக்கொண்டு அந்த வானொலி நிலையத்திலேயே படுத்துக் கிடந்தார் கேத்தி. பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டி, தானே காலையில் மைக் முன்னால் உட்கார்ந்தார். அவர் கட்டிய 'ரேடியோ ஒன்' கம்பெனி 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்குச் சந்தைக்குப் போன மைக் யார் பேச்சைக் கேட்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தாலும் நிலையத்தின் சாவி முதல் தடவையாக நம்மைப் போன்ற ஒருத்தர் இடுப்பில் தொங்கியது.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சாவி விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு வாங்கிக்கொண்டு ஒரு விளம்பரம் போடக்கூட திலகரின் 'கேசரி' மறுத்தது. மூக்நாயக் என்றால் ஊமைகளின் தலைவன். அந்தப் பத்திரிகைக்கு கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அண்ணல் வாங்கிக்கொண்டார். காசு வாங்குவது அடிமைத்தனம் இல்லை. கொடுத்தவன் வந்து இதை எழுதாதே என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது நம்ம தம்பிக்கு வருகிறேன். சுதந்திரமாகப் பேசுகிறேன் என்கிறார். உண்மைதான். ஆனால் யூட்யூபும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிதான் தம்பி. எந்த நிகழ்ச்சி யார் கண்ணில் பட வேண்டும் என்று தீர்மானிக்கிற சாவி அவன் கையில். அழுகையை மூன்று தடவை போட்டால் பார்வை கூடும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நம்ம சேரியா, அந்தச் சாவியா? யோசியுங்கள். ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்து 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் ஒரு அறிக்கை வெளியிட்டன. செய்தி அறைகளில் தலைமைப் பொறுப்பு 121 என்றால் 106இல் இருப்பது உயர்சாதியினர். தலித்தும் ஆதிவாசியும் ஒருத்தர்கூட இல்லை. அந்தக் கதவு திறக்காததால்தான் நீங்கள் மொட்டை மாடிக்குப் போனீர்கள். உங்கள் வாய் எங்களுக்கு வேண்டும். ஆனால் மாடியில் நீங்கள் மட்டும் நிற்காதீர்கள். அந்த மைக்கைப் பிடிக்க நாலு பிள்ளைகளுக்கு, அதில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு, கற்றுக்கொடுங்கள். விருந்தாளி பேசும்போது சும்மா இருங்கள். பீட்டியை நினைத்து நான் படுகிற பெருமையையும், அவர் சிரித்த ஒரு சிரிப்புக்காக நான் படுகிற வருத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இதை முதலில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. முகம் வாடித்தான் போச்சு. "ஊர்க்காரனுங்க இத வச்சு ஓட்டுவானுங்களேண்ணே" என்றார். ஓட்டட்டும், திருடன் என்று சொல்வதற்கு முன்னால் ஸ்பூனை எடுத்துக் காட்டியவர் கதையைத்தானே எழுதியிருக்கேன் என்றேன். எழுந்து போகும்போது, "சரி, போடுங்க. ஆனா அந்த அம்மா அழுவுனத இன்னைக்கே எடுத்துர்றேன்" என்றார்.

போட்டிருக்கிறேன். உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் வரும். சந்தா முடிந்தவர்கள் அனுப்பிவையுங்கள். அச்சக பாக்கி இன்னும் தீரவில்லை.

ஜெய் பீம்.